மூணரைச் சுத்து மாப்பிள்ளை

வாங்க மாப்ள, வாங்க. திண்ணையில சித்தெ உக்காருங்க, மோர் வருது. நேத்துச் சாயங்காலம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் எனக்குப் போன் போட்டு, பேச்சே வராம அஞ்சு நிமிசம் சிரிச்சாருங்க. அப்பறம் மூச்சு வாங்கிக்கிட்டு, "உங்க மாப்பிள்ளை வந்திருந்தாருங்க, லாரிக்கு மூணுல ஒரு கிரவுன் பினியன் செட் கேட்டாரு"ன்னாரு. "இப்ப வண்டியில இருக்கறது மூணரைக்குச் சித்தெ கம்மி, அதையும் விட வெசையா ஓடற மாதிரி வேணும்"னீங்களாமா. பத்து டன் இழுக்கற வண்டிக்குக் காரோட கியரு! நானும் அம்பது வருசமா லாரிக்கு அடியில படுத்து எந்திரிச்சவன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடுன்னு லாரி இல்லாத ஊட்டு வாசலே இல்லாத சீமையில பொறந்து வளந்தவன். இப்படி ஒரு அதிசய வண்டி நம்ம ஒறம்பரைக்குள்ளயே நிக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க.

எப்படி எண்ணுனீங்கன்னும் விசாரிச்சேன். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்த ஒரு சுத்து சுத்தி, கியர் பொட்டியில இருந்து பின்னால வர்ற ஜாயின்ட் தண்டு எத்தனை சுத்து சுத்துதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு எண்ணுனீங்க. மூணே கால் தாண்டி மூணரைக்கு வரல. ரொம்பச் சரி. சாக்பீஸ் நல்ல சாக்பீஸ், எண்ணுன கையும் நல்ல கை. அக்கட்டச் சக்கரம் தரையில நின்னுக்கிட்டு இருந்துதே, அதக் கேட்டீங்களா? அது உங்களப் பாத்துச் சிரிச்சது உங்களுக்குக் கேக்கல.

உங்க பாட்டன் களத்துல தாம்பு ஓட்டுனத நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நாலு மாட்ட ஒட்டுக்காப் பிணைச்சு, கதிரு மேல வட்டமாச் சுத்த விடுவாரு. உள்ள கட்டுன கெழட்டு மாடு நின்ன எடத்துலயே திரும்பற மாதிரி நாலு எட்டு வெக்கும். வெளிய கட்டுன எளங்காளை அதே நேரத்துக்குள்ள ஓட்டமா ஓடி முழு வட்டத்தையும் முடிக்கோணும். லாரி வளைவுல திரும்பும்போதும் இதே கதைதான். உள் சக்கரம் கெழட்டு மாடு, வெளிச் சக்கரம் எளங்காளை. ரெண்டையும் ஒரே இரும்புத் தண்டுல இறுக்கி வெச்சா டயர் தேயும், இல்லாட்டித் தண்டு முறியும். அதுக்குத்தானுங்க நடுவுல டிப்ரன்ஷியல். நம்ம மாட்டு வண்டிக்கு அது வேண்டியதில்ல. அதுல அச்சு சும்மா கெடக்கும், சக்கரம் ரெண்டும் அததும் தன்பாட்டுக்குச் சுத்தும். இஞ்சின் வந்து அச்சையே புடிச்சுத் திருப்ப ஆரம்பிச்ச பொறவுதான் இந்தத் தலைவலி. 1820கள்லயே பிரான்சுல பெக்கர்னு ஒரு கடிகாரக்காரர் நீராவி வண்டிக்காக இதப் பதிஞ்சு வெச்சுட்டாருன்னு என்ற பேரன் போனப் பாத்துச் சொன்னான். கடிகாரம் செய்யற கை செஞ்ச சாமான், கடப்பாரை புடிக்கற கையோட அங்க போயிறாதீங்கன்னு சொல்லத்தான் இந்தப் பழங்கதை.

கணக்குக்கு வாறேன். எடத்துச் சக்கரச் சுத்தையும் வலத்துச் சக்கரச் சுத்தையும் கூட்டிப் பாதியாக்குனா, அதுதான் பெரிய பல்லுச் சக்கரம், கிரவுன், சுத்தற சுத்து. நீங்க தூக்குனது ஒரு சுத்து, தரையில நின்னது சுன்னம். அப்ப கிரவுன் அரைச் சுத்துதான் சுத்தியிருக்கு. அரைச் சுத்துக்கு மூணே கால் சொச்சம்னா முழுச் சுத்துக்கு? ஆறே முக்கால் தாண்டிப் போகுதுங்களா? 6.83. பினியன்ல 6 பல்லு, கிரவுன்ல 41 பல்லு. பழைய லாரிக்காரன் எவனக் கேட்டாலும் "ஆறுக்கு நாப்பத்தொண்ணு"ன்னு சொல்லுவான். ஒத்தச் சக்கரத்தத் தூக்கி எண்ணுறவன் ரெண்டு சுத்து சுத்தோணும். இல்லாட்டி ரெண்டு பக்கமும் தூக்கி, ரெண்டையும் ஒட்டுக்கா ஒரு சுத்து சுத்தோணும். போகட்டும், பாதிக் கணக்கு உங்களுக்குச் சரியா வந்துது. நம்ம வம்சத்துல அதுவே பெரிசு.

சரி, கியர மாத்தோணும்னு ஏன் கெளம்புனீங்க? வண்டி ஊளை போடுது. வாங்குனப்ப ஊளை போட்டுதுங்களா? இல்ல. பூனையாட்டம் பொட்டாட்டம் வந்துது. ரெண்டு லோடு அடிச்ச பொறவுதான் ராத்திரி நரி ஊளையிடற மாதிரி ஆரம்பிச்சுது. நான் அன்னைக்கே சொன்னேன், வாங்கறதுக்கு முன்னாடி அடி நட்டக் கழட்டி ஆயிலப் பாருங்கன்னு. "ஆளு நம்ம சனமுங்க மாமா"ன்னீங்க. இப்ப அந்த ஆயில வடிச்சா என்ன வந்துது? மரத்தூளு! லாரி வாங்கப் போயி மரக்கடையே வாங்கிட்டு வந்திருக்கீங்க. கெட்டிப்பட்ட ஆயில்ல தூளக் கலந்து ஊத்துனா, தேஞ்ச பல்லு நாலு நாளைக்குச் சத்தம் போடாது. உங்கள அது வரைக்கும் தாட்டி உட்டாப் போதும்னு கணக்குப் போட்டவன் உங்கள விட நல்லா எண்ணத் தெரிஞ்சவன்.

தூளுக்கு நடுவுல வேற என்ன இருந்துதுன்னு சொல்லுங்க. காந்தத்துல மையாட்டம் மசமசன்னு ஒட்டியிருந்தா அது வயசாகற தேய்மானம், பயமில்ல. விரல்ல நெருடற மாதிரி செதில் செதிலா வந்தா பேரிங்கோ பல்லோ உதிருதுன்னு அர்த்தம். கோழிச் சூப்புல எலும்பு தட்டுப்படற மாதிரி பெரிய துண்டே வந்தா, வண்டிய ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. ஆயில் பால் காப்பி நெறத்துல இருந்தா தண்ணி பூந்திருக்கு. மேல பிரீதர்னு ஒரு சின்ன மூக்கு இருக்கும், அது சேத்துல அடைச்சிருச்சான்னும் பாருங்க. மூக்கடைச்சா உள்ள சூட்டுக் காத்து போக எடமில்லாம ஆயில் சீலத் தள்ளிக்கிட்டு வரும். சனங்க சீல மாத்துவாங்க, மறுபடியும் ஒழுகும், மறுபடியும் மாத்துவாங்க. மூக்க மட்டும் சிந்த மாட்டாங்க.

ஊளையிலயும் சாதி இருக்குங்க. மிதிச்சு இழுக்கும்போது மட்டும் கத்துனா பல்லோட இழுக்கற மொகம் போச்சு. கால எடுத்தப்பக் கத்துனா மறு மொகம், இல்லாட்டிப் பினியன் பேரிங். திரும்பும்போது மட்டும் மொணமொணத்தா உள்ள இருக்கற ஸ்டார் கியரு. மொத கியர்ல கெளம்பும்போது 'டங்'குன்னு மாமியா பாத்திரம் வெக்கற மாதிரி ஒரு சத்தம் வந்தா எங்கியோ ஆட்டம் கூடியிருக்கு, வாசரு தேஞ்சிருக்கும், ஜாயின்ட் கிராசும் போயிருக்கலாம். இத ஓட்டிப் பாத்துக் காதால கேக்கோணும். உங்க வண்டியில அந்தப் பாட்டுப் பொட்டியப் போட்டு உட்டா எதுதான் கேக்கும்?

இப்ப பெரிய விசயம். உங்களுக்கு வெசை வேணும். பெங்களூர் ரோட்டுல எல்லாரும் உங்களத் தாண்டிப் போறாங்க, மானம் போகுது. அதனால மூணு ஆகாதுன்னா 6-க்குப் பதிலா 7 பல்லுப் பினியன், அதே 41 கிரவுன், 5.86னு கேப்பீங்க. போடலாமுங்க, யாரு வேண்டாங்கறா. என்ன வருது, என்ன போகுதுன்னு எண்ணிப்போட்டுப் போடுங்க. ஆறு ஏழாச்சுன்னா வெசை ஆறுல ஒரு பங்கு கூடும். இழுவை ஏழுல ஒரு பங்கு போயிரும். ஏழு பேரு சேந்து தள்ளுன வண்டிய இனி ஆறு பேருதான் தள்ளுவாங்க, ஏழாமத்தவன் நோம்பிக்குப் போயிட்டான்னு வெச்சுக்கோங்க.

இன்னொரு கணக்கு. உங்க 10.00-20 டயரு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 310 சுத்து சுத்தும். 60 வேகத்துல போனா நிமிசத்துக்கு ஒரு கிலோமீட்டர், அப்ப நிமிசத்துக்கு 310 சுத்து. டாப் கியர் நேரடியா இருக்கற வண்டியில அத 6.83ஆல பெருக்குனா இஞ்சின் 2100 சொச்சம் சுத்துது. 5.86ஆல பெருக்குனா 1800 சொச்சம். சத்தம் கொறையும், சமதரையில டீசலும் கொறையும். ஆனா மாப்ள, அந்த 1800ல உங்க இஞ்சினுக்கு லோட இழுக்கற தெம்பு இருந்தாத்தான். இல்லாட்டி சின்ன மேடு வந்தாலும் ஒரு கியர எறக்குவீங்க. பொறத்தால வெசைக் கியரப் போட்டுட்டு முன்னால நாள் முச்சூடும் நாலாம் கியர்ல ஓட்டறவங்கள நான் எத்தனையோ பாத்திருக்கேன். பட்டு வேட்டி வாங்கி, அழுக்காயிருமேன்னு மடிச்சுக் கட்டிக்கிட்டுத் திரியற மாதிரி.

அதுவும் நீங்க பெங்களூர் போறது மாசத்துக்கு எத்தனை நடை? ஒண்ணு. அதுவும் அங்க உங்க மச்சினிச்சி ஊட்டு விருந்து இருந்தா. மிச்ச நாள் எல்லாம் கொல்லிமலை. காரவள்ளியில இருந்து மேல 70 கொண்டை ஊசி வளைவு. மேல போகும்போது வண்டி காலி, எறங்கும்போதுதான் மரவள்ளிக் கெழங்கு லோடு, நேரா சேகோ பேக்டரிக்கு. அப்ப உங்களுக்கு இழுவை எதுக்குன்னு கேப்பீங்க. ஏறறதுக்கு மட்டுமில்லீங்க அது. எறக்கத்துல இஞ்சின் வண்டியப் புடிச்சு நிறுத்தறதும் அதே பல்லுதான். 6-க்கு 41ல இஞ்சின் புடிக்கற புடியில ஏழுல ஒரு பங்கு 7-க்கு 41ல கழண்டுரும். அந்த ஒரு பங்கையும் பிரேக்தான் சொமக்கோணும். 70 வளைவு முடியறதுக்குள்ள டிரம்மு தோசைக்கல்லாயிரும். தொப்பூர்க் கணவாயில டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல உட்டு எறங்கறவங்க கதைய ஆயிரம் தடவை கேட்டிருப்பீங்க. வெசைக் கியருங்கறது அந்த நியூட்ரலுக்குச் சின்னம்மா மகன்.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். பினியன மாத்துனா மீட்டருக்கு அது தெரியாது. அது கியர் பொட்டிக்கிட்ட இருந்து சேதி வாங்கற ஆளு. மீட்டர் 60ன்னு காட்டும், வண்டி 70ல போகும். நீங்க எல்லாத்தையும் தாண்டிக்கிட்டுப் போவீங்க, "என்னடா எல்லாரும் இன்னைக்கு மெதுவாப் போறாங்க"ன்னு நெனைப்பீங்க. போலீஸ்காரர் நிறுத்துனா மீட்டரக் காட்டிச் சத்தியம் பண்ணலாம். அவரு நம்புவாரான்னு எனக்குத் தெரியாது, நான் நம்ப மாட்டேன்.

அதனால என்ற பேச்சக் கேட்டா 6-க்கு 41ஏ போடுங்க. கேக்க மாட்டீங்க, தெரியும். ஆனா எதப் போட்டாலும் சோடியா வாங்குங்க. கிரவுனும் பினியனும் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பதமாக்கி வந்த சோடி, ரெண்டு மேலயும் ஒரே நெம்பரு வெட்டியிருக்கும். கிரவுன் நல்லாயிருக்கு, பினியன் மட்டும் பழைய இரும்புக் கடையில கெடைக்குதுன்னு போயிறாதீங்க. தாலி கட்டுன சோடியப் பிரிச்சு வேற ஊட்டுல வெச்சா என்னாகும்? ஊளைதான். பத்துச் சக்கர வண்டி வாங்கற கனவும் உங்களுக்கு இருக்குதுன்னு கேள்வி. அதுல ரெண்டு பொற அச்சும் இழுக்கற ரகம்னா பொறத்தால ரெண்டு ஹவுசிங். ரெண்டுலயும் ஒரே கணக்கு இருக்கோணும். ஒண்ணுல ஆறு, இன்னொண்ணுல ஏழுன்னு போட்டா முன் மாடு கெழக்கால இழுக்கும், பின் மாடு மேக்கால இழுக்கும்.

41ன்னு ஏன் கோணல் கணக்குன்னு கடைக்காரர்கிட்டக் கேட்டீங்களாமா, 42 போட்டா என்னன்னு. நல்ல கேள்விதானுங்க, அதுக்காக ஒரு முறுக்கு எடுத்துக்கோங்க. 6-க்கு 42ன்னா பினியனோட ஒரு பல்லு என்னைக்கும் அதே ஏழு கிரவுன் பல்லத்தான் கடிக்கும். அந்தப் பல்லுல ஒரு சொட்டை இருந்தா அந்த ஏழ மட்டும் தின்னு தீத்துரும். 41 எதுலயும் வகுபடாது. ஒவ்வொரு பல்லும் 41 பல்லையும் சுத்தி வந்து பாத்துட்டுத்தான் மறுபடி மொதல்ல பாத்தவன்கிட்ட வரும். தேய்மானம் ஊருக்கெல்லாம் சமமாப் பங்கு.

இனிக் கழட்டற வேலை. ஆக்சில் ஷாஃப்ட்ட உருவறதுக்குச் சக்கரத்தக் கழட்ட வேண்டியதில்லீங்க, லாரியில சக்கரம் ஹப்பு மேலயே நிக்கும். நட்டுகளக் கழட்டி, பிளேஞ்சுல சுத்தியால ரெண்டு தட்டுத் தட்டுனா கரும்பு உருவற மாதிரி வந்துரும். பொறவு கிரவுனும் பினியனும் உக்காந்திருக்கற கொண்டைய எறக்கும்போது டிராலி ஜாக்கி வெச்சு எறக்குங்க. நெஞ்சுல வாங்கற சாமானில்ல அது. மேல பேரிங் மூடி ரெண்டு இருக்கு. அதக் கழட்டறதுக்கு முன்னாடி எடத்துக்கு ஒரு புள்ளி, வலத்துக்கு ரெண்டு புள்ளி பஞ்சு வெச்சு அடிங்க. மூடியப் போட்டு வெச்சுத்தான் கம்பெனியில ஓட்டை கடைஞ்சிருக்கான். எடம் மாத்திப் போட்டா வலது கால் செருப்ப எடது கால்ல போட்டுக்கிட்டுக் கொல்லிமலை ஏறற கதை.

பேரிங்கு, சீலு, வாசரு, கிரவுன் போல்ட்டு எல்லாம் புதுசு. இதுல கஞ்சத்தனம் வேண்டாம். கிரவுனக் கூட்டுல ஏத்தும்போது சுத்தியால போட்டுச் சாத்தாம, சுடவெச்ச ஆயில்ல கொஞ்ச நேரம் ஊற வெச்சு எறக்குங்க, தானா உக்காரும். பினியன் பேரிங் இறுக்கம் எத்தனைன்னு கையால ஆட்டிப் பாத்துச் சொல்றவன நம்பாதீங்க, என்னையும் சேத்துத்தான். சீலு போடறதுக்கு முன்னாடி பிளேஞ்சுல நூலச் சுத்தி, ஸ்பிரிங் தராசுல மாட்டி மெதுவா இழுங்க. சுத்தும்போது முள்ளு எங்க நிக்குதோ அதுதான் கணக்கு. வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கும், அந்த அளவுக்குச் சிம்முத் தகட்ட எடுங்க, போடுங்க. எடுங்க, போடுங்க. மூணு தடவை பொறுமை போகும். நாலாந் தடவை என்னைத் திட்டுவீங்க. அஞ்சாந் தடவை சரியா வரும்.

பொறவு பொட்டு வெக்கற வேலை. கிரவுன்ல நாலஞ்சு பல்லுல நீல மையத் தடவி, இன்னொருத்தர் கட்டையால கிரவுனச் சித்தெ தடுத்துக்க, பினியனச் சுத்துங்க. மை அழிஞ்ச எடம்தான் பொட்டு. பொட்டு பல்லோட அடியில போயி உக்காந்துதுன்னா பினியன் ரொம்ப உள்ள வந்துருச்சு, வெளிய தள்ளுங்க. மேல உச்சியில நின்னா உள்ள கொண்டு வாங்க. உள்பக்கச் சின்ன நுனியிலயே ஒதுங்குனா கிரவுனத் தள்ளி வைங்க. வெளிப்பக்கப் பெரிய நுனியில ஒதுங்குனாக் கிட்டத்துல கொண்டாங்க. நட்டநடுப் புருவத்துல வைக்கோணுமான்னா, இல்ல. நடுவுல இருந்து சின்ன நுனிப்பக்கம் ஒரு நூலளவு தள்ளியே இருக்கட்டும். லோடு ஏறுனா எல்லாம் வளையும், பொட்டு வெளிப்பக்கம் நகந்து அப்பத்தான் நடுவுக்கு வரும். காலி வண்டிக்கு அழகாப் பொட்டு வெச்சவன் லோடு வண்டியில வீங்குன மொகத்தோட வருவான்.

பேக்லாஷுன்னு ஒண்ணு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல உடற ஆட்டம். பெரிய வண்டிக்கு ஏறக்குறைய 0.20ல இருந்து 0.30 மில்லி வரைக்கும் இருக்கும், உங்க வண்டிக்குப் புத்தகத்துல உள்ளது எதுவோ அது. டயல் கேஜ் வெச்சு நாலு எடத்துல பாருங்க. ஒரு எடத்துல ஒண்ணு, இன்னொரு எடத்துல ஒண்ணுன்னு காட்டுனா கிரவுன் கோணலா உக்காந்திருக்கு, அடியில ஒரு துளி பிசிறு மாட்டியிருக்கும். கிரவுன நகத்தும்போது எடத்துப் பேரிங் நட்ட ஒரு பல்லு தளத்துனா வலத்து நட்ட அதே ஒரு பல்லு இறுக்குங்க. பங்காளி வரப்பு மாதிரி, ஒருத்தன் நகந்தா மத்தவனும் நகரோணும், நடுவுல காடு சுருங்கவும் கூடாது, விரியவும் கூடாது.

சேத்துல மாட்டுனா ஒரு சக்கரம் சுத்துது, இன்னொண்ணு பந்திக்கு முந்தி உக்காந்த பங்காளியாட்டம் அசையாம நிக்குதுன்னு, ஸ்டார் கியர வெல்டு வெச்சு ஒட்டிரலாம்னு பட்டறைப் பையன் ஒருத்தன் உங்களுக்கு ரோசனை சொன்னானாமா. சொன்னவனையே அந்த 70 வளைவுலயும் ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. தேஞ்ச டயருக்கு அவங்கப்பன் பணம் கட்டட்டும்.

ஆயில்ல வந்து நிக்கறோம். பினியன் கிரவுனோட நடுவுக்கு நேரா இல்லாமக் கீழ எறங்கி உக்காந்திருந்தா அது ஹைப்பாய்டு. அமெரிக்காவுல பாக்கார்ட் காருல 1926லயே வந்த ரகம். பெரிய பல்லு, சத்தம் கம்மி, ஆனா பல்லு பல்லு மேல வழுக்கி அரைக்கும். சாதா ஆயில் அந்த அரைப்புக்கு நிக்காது. ஜி.எல்.-5னு எழுதுன கியர் ஆயில்தான், எங்க வெயிலுக்கு 85டபிள்யூ-140 ஊத்துவோம். மூடியத் தொறந்தா அழுகுன முட்டை வாசம் வரும், அது கந்தகம். முட்டைக்குப் பேர் போன நாமக்கல்லுல பொறந்துட்டு அதுக்கு மூக்கப் பொத்துனா எப்படி? மிச்சமான ஆயில அப்படியே கியர் பொட்டியில ஊத்தாதீங்க. அங்க பித்தளை வளையம் இருந்தா அந்தக் கந்தக மருந்து அதத் தின்னாலும் திங்கும். பின்னால ஹவுசிங்ல, பக்கத்து ஓட்டை வழியா வழியற வரைக்கும் ஊத்தோணும்.

முதல் 500 கிலோமீட்டருக்கு லோடு கொறைச்சு ஓட்டுங்க. அரை மணி ஓட்டம், அப்பறம் நிறுத்தி ஹவுசிங் மேல கை வைங்க, ஆறட்டும். மலை பக்கம் போகாதீங்க, மச்சினிச்சி ஊட்டுக்கு வேணா போயிட்டு வாங்க. அப்பறம் ஆயில வடிச்சுச் சுத்தமான சட்டியில புடிச்சு எனக்குக் கொண்டாங்க. உங்கத்தை ரசச் சட்டியில வேண்டாம், போன தடவை அதுக்கு நான் பட்ட பாடு போதும்.

என்னமோ சொல்ல வந்து மறைக்கறேன்னு பாக்கறீங்க. ஆமாங். உங்கத்தை கண்ணாலத்துக்குக் கண்ணாலம் சொல்ற கதை உங்களுக்கும் தெரியும். ஒரு ஓனரோட லாரிக்கு நானே ரெண்டு நாள் உக்காந்து சிம்மு போட்டு, நூல் கட்டி இழுத்து, பொட்டு வெச்சு, சட்டையில ஒரு கறை இல்லாம முடிச்ச வேலை அது. ஷாஃப்ட்ட மாட்டி, நட்ட இறுக்கி, "ஆயில டீ குடிச்சுட்டு வந்து ஊத்திக்கலாம்"னேன். டீ ரெண்டாச்சு, வடை வந்துது, ஊர்க்கதை வந்துது. ஓனர் அவசரமா வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. புதன்சந்தை தாண்டறதுக்குள்ள ஹவுசிங்ல பொகை. நான் வெச்ச அத்தனை பொட்டும் ஒட்டுக்கா அழிஞ்சுது. அந்த வண்டிக்கு ரெண்டாந்தடவை கிரவுன் பினியன் வாங்குன பணம் என்ற பையில இருந்து போச்சு, அதுக்காக வித்தது உங்கத்தை கொண்டு வந்த எருமை.

வியாழக்கெழமை காலையில வாறேன். ஆயில் டப்பாவ வண்டிக்குப் பக்கத்துலயே வெச்சிருங்க, டீக்கடைக்குப் போற வழியில வேண்டாம்.